சோப்புத் தண்ணி

செடிகள் எதனால் சாகின்றன என்று பார்ப்பதற்கு முன்பே யாரால் சாகின்றன என்பதைத் தையல்காரி முடிவு செய்துவிட்டாள். பின்வீட்டு ஓரகத்தியால்தான். லாட்ஜுகளிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து வெளுத்துக் கொடுக்கிறவள் அவள். வெளுத்த தண்ணீரைச் சந்துக் கால்வாயில் விடுகிறாள். கால்வாய் ஓரத்தில் ரோஜாப் பாத்தி. இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

வீடு ஒன்றுதான். மாமனார் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி, அண்ணன் முன்வீட்டையும் தம்பி பின்வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் பெண்டாட்டி தையல்காரி, தம்பி பெண்டாட்டி இந்தச் சலவைக்காரி. தம்பி லாரி ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒருமுறை வந்து, தூங்கி எழுந்து, மறுபடி போய்விடுவான். பின்வீட்டுக்கு மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். தெருவுக்கு வர முன்வீட்டை ஒட்டிய சந்து ஒன்றுதான் வழி. வெறுங்கையோடு வந்தால் நடக்கலாம், மூட்டையோடு வந்தால் ஒருக்களிக்க வேண்டும். பத்திரத்தில் சந்து அண்ணன் பங்கில் இருந்தது. இருபது வருஷமாக யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது தையல்காரி பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து மிஷின் மேஜை இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் வைத்திருந்தாள்.

மிஷின் ஜன்னலை ஒட்டி இருந்தது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பள்ளிக்கூடச் சீருடை, நர்சுகளின் வெள்ளைக் கவுன், காவலாளிகளின் முழுக்கால் சட்டை என்று மாலைவரை இடுப்பு ஒடியும். ஊசியில் நூல் கோக்க நிமிரும்போதெல்லாம் கண்ணில் பட்டது அந்தப் பாத்தி மட்டும்தான். மொத்தம் பதினான்கு செடி. பன்னிரண்டு ஜன்னல் பக்கம். இரண்டு மட்டும் கால்வாயைத் தாண்டிச் சந்தின் விளிம்பில். எல்லாம் அவள் குச்சி நட்டு வளர்த்தவை. புருஷன், வாடிக்கைக்காரர்கள், பால்காரன், யாரையும் அவள் வாய் விட்டுவைத்ததில்லை. அவளிடம் ஒரு சுடுசொல்கூட வாங்காமல் அந்த வீட்டில் இருந்தவை இந்தச் செடிகள்தான். அவற்றின் மேல் அவளுக்கு உயிர்.

மழை பிடித்த மாதம்தான் சாவும் தொடங்கியது. குச்சியின் நுனி முதலில் பழுப்பாகும். அடுத்த வாரம் கருப்பாகும். பிறகு கருப்பு மெல்லக் கீழே இறங்கும், வழியில் இருக்கிற இலையெல்லாம் துவண்டு தொங்கும். ஒரு கிளை, அப்புறம் பக்கத்துக் கிளை, அப்புறம் பக்கத்துச் செடி. ஐந்து மாதத்தில் நாலு செடி வெறும் முள்குச்சியாகிவிட்டது. மற்ற எட்டும் பாதி கருப்பும் பாதி பச்சையுமாக இழுத்துக்கொண்டு கிடந்தன.

தையல்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டீத்தூள் போட்டாள், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள், எரு வாங்கிக் கொத்திவிட்டாள். மழைக்காலத்தில் வெட்டிவிட்டால் செடி நன்றாகப் பூக்கும் என்று முதல் மழைக்கே ஒரு வாடிக்கைக்காரி சொல்லியிருந்தாள். அதிலிருந்து தினமும் டீ குடித்த கையோடு பழைய துணிக் கத்தரியுடன் பாத்தியில் இறங்கினாள். கத்தரி செடியை நறுக்கும், வாய் பின்வீட்டை நறுக்கும். வயிறு எரிய எரியத் திட்டுவாள். நாசமாய்ப் போகிறவள், பச்சையைக் கண்டால் பொறுக்காதவள், பூவைக்கூட வெளுத்துக் காயப்போடுகிறவள் என்று நாளுக்கொரு பட்டம்.

சலவைக்காரியும் வாயில்லாப் பூச்சி இல்லை. அவள் சத்தமாகப் பேச மாட்டாள், அவ்வளவுதான்.

"செடி கருகினா சோப்புத் தண்ணி. உங்க வீட்டுக்காரர் இருமினா சோப்புத் தண்ணி. நாளைக்கு உங்க மிஷின் பெல்ட் அறுந்தாலும் என் சோப்புத் தண்ணிதான்னு சொல்வீங்க, இல்லக்கா?" என்பாள், விரிப்பை முறுக்கிப் பிழிந்துகொண்டே. இப்படி நிதானமாகச் சொல்வதுதான் தையல்காரிக்குத் தாங்காது. திருப்பிக் கத்தினால் ஒரு கை பார்த்திருப்பாள்.

பகை செடியிலிருந்து தொடங்கியதல்ல. போன கோடையில் பின்வீட்டுக் கொடியிலிருந்து ஈர விரிப்பு ஒன்று காற்றில் பறந்து, ஜன்னலில் மடித்து வைத்திருந்த ஆறு நர்ஸ் கவுன்கள் மேல் விழுந்தது. ஆறையும் மறுபடி இஸ்திரி போட வேண்டியதாயிற்று. அன்றைக்கே அவள் நடக்கிற மண்ணில் என் கால் படாது என்று தையல்காரி சொல்லிவிட்டாள். சொன்னபடி சந்தில் கால் வைக்கவும் இல்லை. சொன்ன சொல்லில் நிற்பதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது செடி போனபோது வெல்டிங் கடைக்குப் போய், சந்து வாய்க்கு அளவு கொடுத்து இரும்புக் கதவு ஒன்று செய்யச் சொன்னாள். சாவி தன்னிடம்தான் இருக்கும், இன்னொரு செடி செத்தால் சந்து மூடப்படும் என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். சந்து மூடினால் பின்வீட்டுக்கு மூட்டை போக வழியில்லை. மூட்டை போகாவிட்டால் சலவை இல்லை. சலவை இல்லாவிட்டால் அவர்கள் அங்கே இருக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும், தையல்காரிக்கும் தெரியும்.

சலவைக்காரி அன்றைக்கே கால்வாயை அடைத்துவிட்டாள். வெளுத்த தண்ணீரை வாளி வாளியாகச் சந்து வழியே சுமந்து தெருச் சாக்கடையில் கொட்டினாள். நாளைக்கு இருபது வாளி, சில நாள் முப்பது. மூன்றாவது வாரம் மழைப்பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், மறுநாளே விரிப்புகளைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கத் தொடங்கினாள். இடது கையில் வாளி நகர்ந்தது.

"நடிப்பு," என்றாள் தையல்காரி ஜன்னலிலிருந்து. அவள் புருஷன் டிப்போவில் டயர் மாற்றுகிற ஆள், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அன்றைக்கு அவர்கூட நிமிர்ந்து பார்த்தார். தையல்காரிக்கே உள்ளே எங்கோ சுருக்கென்றது. அதை அவள் மேலும் இரண்டு திட்டு திட்டி மூடிவிட்டாள்.

நாலாவது செடியும் செத்தது. கதவும் வந்து சேர்ந்தது. கொத்தனார் வந்து சுவரில் துளை போட்டுவிட்டு, மாட்டுவதற்கு இரண்டு நாளில் வருகிறேன் என்று போனார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது புருஷன் வாயைத் திறந்தார். தண்ணீர் நின்று ஆறு வாரம் ஆகிறதே, இன்னும் ஏன் கருகுகிறது என்று கேட்டார். மண்ணில் ஊறினது ஒரே நாளில் போய்விடுமா என்றாள். சந்தோரம் இருக்கிற இரண்டு செடியும் கால்வாய்த் தண்ணீரை ஒட்டித்தானே நிற்கின்றன, அவை மட்டும் ஏன் ஜோராக இருக்கின்றன என்றார்.

"அது ரெண்டும் அவ பக்கம் சேந்துக்கிச்சு," என்றாள் தையல்காரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள்.

புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கதவ மாட்டறதுக்கு முன்னாடி நர்சரிக்காரரக் கூட்டிட்டு வந்து காட்டலாம். அவரு சோப்புத் தண்ணின்னு சொல்லிட்டார்னா நானே பூட்டறேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி வருஷக்கணக்காயிற்று. தையல்காரி உடனே ஒத்துக்கொண்டாள். சாட்சிக்கு ஆள் கிடைத்தால் கசக்குமா? பின்வீட்டிலும் கேட்டுவிட்டு வந்தார். வெளியாள் வந்து தன் தண்ணீர்தான் என்று சொன்னால் கதவே வேண்டாம், தானே மூட்டை கட்டிவிடுவதாகச் சலவைக்காரி சொல்லி அனுப்பினாள்.

நர்சரிக்காரர் மறுநாள் காலை தூறலில், மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். இலவசமாக வந்து பார்க்கிற எரிச்சல் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. சுவரில் சாய்த்திருந்த இரும்புக் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, அந்த எரிச்சலையும் சேர்த்துக்கொண்டு பாத்திக்கு வந்தார். தையல்காரி தொடங்கினாள். கோடையில் பறந்த விரிப்பிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். சலவைக்காரி மாவுக்கட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சந்துச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் செடியப் பத்திதாங்க கேட்டேன்," என்றார் நர்சரிக்காரர்.

செத்த செடி ஒன்றைப் பிடித்து அசைத்துப் பிடுங்கினார். வேரை உதறி, முகர்ந்து, நகத்தால் கீறினார். பிறகு பாதி கருகிய செடி ஒன்றின் முன் குந்தி, கிளை கிளையாக மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஒவ்வொரு கிளையிலும் கருப்பு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் பட்டையைக் கீறிப் பார்த்தார். இதற்கே கால் மணி நேரம் ஆயிற்று.

"சோப்புத் தண்ணி போய்க் கெடுத்திருந்தா மொதல்ல வேர்தாங்க அழுகும்," என்றார் எழாமலே. "செத்த செடில கூட வேர் இன்னும் முழுசாப் போகல. சாவு கீழேருந்து மேல போகல. மேலேருந்து கீழ எறங்குது. எல்லாக் கிளையிலயும் வெட்டின நுனியிலதான் ஆரம்பம்."

தையல்காரி வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் எழுந்து கால்வாயைத் தாண்டிப் போய்விட்டார். அங்கே இரண்டு செடியும் ஆளுயரத்துக்குக் காடாக வளர்ந்து, மழையிலும் ஏழெட்டுப் பூவோடு நின்றன.

"இந்த ரெண்டையும் யாரு பாத்துக்கறது?"

"யாரும் பாக்கறதில்லீங்க," என்றாள் சலவைக்காரி. "அக்கா இந்தப் பக்கம் கால் வெக்க மாட்டாங்க."

"அதான் பொழச்சுக் கெடக்கு." நர்சரிக்காரர் திரும்பினார். "மத்ததெல்லாம் யாரு வெட்டறது?"

"நான்தான்," என்றாள் தையல்காரி. "முப்பது வருஷமா கத்தரி புடிச்ச கை."

வெட்டிக் காட்டச் சொன்னார். அவளும் ஒரு சவாலைப்போல எடுத்துக்கொண்டு, உள்ளே போய்க் கத்தரியோடு வந்தாள். வழக்கப்படி முதலில் கருகிய கிளையை நறுக்கிப் போட்டாள். அதே கத்தரியோடு பக்கத்துப் பச்சைக் கிளைக்குப் போனாள். கணுவைத் தேடி, அதற்கு மேல் இரண்டு விரலை ஒட்டி வைத்து அளந்து, விரலுக்கு மேலே வெட்டினாள். வெட்டு கச்சிதமாக, நேராக விழுந்தது.

"ரெண்டு விரல் எதுக்கு?"

"ஓரம் விட்டுத்தான வெட்டணும்." இது தெரியாதா என்கிற மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயதில், வேலை கற்றுக்கொண்ட கடையில், கல்யாணக் கோட்டுத் துணியை அளவுக்குச் சரியாக வெட்டிவிட்டாள். மடிப்புக்கு ஓரம் இல்லை. கோட்டு வீணாகி, முதலாளி அவளைத் தெருவில் நிறுத்திவைத்துத் திட்டினார். அன்றிலிருந்து எதை வெட்டினாலும் இரண்டு விரல் தள்ளித்தான். துணியானாலும், காகிதமானாலும், ரொட்டியானாலும்கூட. "என் கையில கொறஞ்சதுன்னு ஒரு துணி திரும்பி வந்ததில்ல," என்றாள்.

நர்சரிக்காரர் அவள் போன மாதம் வெட்டிய கிளை ஒன்றைப் பிடித்துக் காட்டினார். கணுவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல் குச்சி கரியாக இருந்தது.

"துணில ஓரம் விட்டா மடிச்சுத் தைக்கலாம். இத என்ன பண்ணப் போறீங்க? கணுவுக்கு மேல நிக்கிற குச்சியில எல கெடையாது, துளிர் கெடையாது. செடி அதுக்குச் சோறு போடாது. அது செத்துப் போகும். மழையில அதுல பூசணம் புடிக்கும். புடிச்ச பூசணம் அங்கேயே உக்காந்திருக்காது, கீழ எறங்கும். நுனிக்கருகல்னு இதுக்குப் பேரு." கத்தரியை அவள் கையிலிருந்து வாங்கி அலகைப் பார்த்தார். "இத எப்பத் தொடைச்சீங்க?"

அவள் துடைக்க முந்தானையை நீட்டினாள்.

"கருப்ப வெட்டிட்டு அப்படியே பச்சைல வெக்கிறீங்க. சீக்காளிக்குப் போட்ட ஊசிய வார்டுல எல்லாருக்கும் போட்டா என்ன ஆகும்? இத்தன செடிக்கும் வீடு வீடா நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க."

தூறல் வலுத்தது. தையல்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. செடியைக் கொன்றது தன் கைதான் என்பது அவளுக்கு வலித்தது. அதைவிட, இனிமேல் திட்ட ஆள் இல்லை என்பது இன்னும் வலித்தது. ஐந்து மாதமாக அந்தக் கோபத்தில்தான் அவள் எழுந்தாள், அதில்தான் மிஷினை மிதித்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டால் நிற்க இடமில்லை. நர்சரிக்காரருக்குப் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"சோப்புத் தண்ணியும் ஒரு காரணமா இருக்கலாம்ல? கொஞ்சமாச்சும்? அப்படியும் சொல்லலாம்ல?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார். "இந்தச் செடிங்க சாகறதுக்கும் சோப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க."

நாலு செடி போனது போனதுதான், எட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். கருப்பைத் தாண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறவரை கீழே போய், கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வெட்டுவாயில் காப்பர் மருந்தைக் குழைத்துத் தடவ வேண்டும். வெட்டியதை எல்லாம் எரித்துவிட வேண்டும். அடிக்கிளைகள் எல்லாம் சந்துப் பக்கம் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் நின்றுதான் வெட்ட முடியும், மழை விடுகிற நாளாகப் பார்த்து இறங்குங்கள் என்றும் சொன்னார். ஸ்கூட்டருக்குப் போகிற வழியில் மறுபடியும் கதவில் இடித்துக்கொண்டு, இது எதற்கு இங்கே என்று கேட்டார்.

புருஷன் உள்ளே போய்விட்டார். பாத்தியில் இருவரும் மிஞ்சினார்கள், நடுவில் கால்வாய். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் தையல்காரிக்கு எப்போதும் இருந்ததில்லை; எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. தெரிந்த வார்த்தையைச் சொன்னாள்.

"கதவு வேணாம்னு சொல்லிடறேன்."

"உங்க கதவு, உங்க சந்து," என்றாள் சலவைக்காரி. குரல் எப்போதும்போல் நிதானமாகத்தான் இருந்தது. "செடிக்கு என்னன்னு பாக்க ஆளக் கூட்டிட்டு வந்தீங்க. என் கை ஒடஞ்சு மூணு வாரமாச்சு. என்னன்னு ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

கேட்டுவிட்டு அவள் பின்வீட்டுக்குள் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வெயில் அடித்தது. தையல்காரி மிஷினைத் திறக்கவில்லை. புதிதாக வாங்கிய செடிக் கத்தரி, ஸ்பிரிட் பாட்டில், துணி, மருந்துக் கிண்ணத்தோடு முன்வாசல் வழியாகச் சுற்றிவந்து சந்தில் கால் வைத்தாள். குந்தி உட்கார்ந்து முதல் கிளையைப் பிடித்தாள். ஒரு சாண் வெட்டினாள், உள்ளே பழுப்பு. இன்னும் கீழே போனாள், பழுப்பு. பிறகுதான் வெள்ளை தெரிந்தது. கை பழக்கத்தில் இரண்டு விரலைக் கொண்டுபோய் வைத்தது. அதை எடுத்துவிட்டுக் கணுவை ஒட்டி வெட்டினாள். துடைத்தாள், தடவினாள், அடுத்த கிளைக்குப் போனாள். இடுப்புயரச் செடி முழங்கால் உயரமாயிற்று.

பின்வீட்டில் தொட்டித் தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. கால்வாயில் வரும் என்று தையல்காரி காலை நகர்த்திக்கொண்டாள். வரவில்லை. சலவைக்காரிதான் வந்தாள், இடது கையில் நுரை ததும்பும் வாளியோடு. ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். சந்து இருவருக்குப் போதாது. தையல்காரி எழுந்து, முதுகை முள்ளுக்குக் கொடுத்து ஒதுங்கினாள். வாளி அவள் முழங்காலை நனைத்துக்கொண்டு போயிற்று.

திரும்பி வரும்போது தையல்காரி வாயைத் திறந்தாள்.

"கால்வாயிலயே விடேன்டி. இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சலவைக்காரி நிற்காமல் போனாள். அடுத்த வாளியோடு வந்தாள்.

"அதத் தூக்காதன்னு சொல்றேன்ல? நானே சொல்றேன், கால்வாயில விடு. கை என்னத்துக்கு ஆகும்?"

சலவைக்காரி வாளியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதுக்குத்தான் தூக்க ஆரம்பிச்சேன். நீங்க சொல்றதுக்காக நிறுத்த மாட்டேன்," என்றாள். "கொஞ்சம் நகருங்க."

தையல்காரி நகர்ந்தாள். அன்றைக்கு எட்டுச் செடியையும் வெட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை வாளி நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முள்ளோடு முள்ளாக ஒண்டி, வாய் பேசாமல் வழிவிட்டாள்.